கீரையை யார் ஆய்வது?

வாசகர் கேள்வி, ஜூன் 14, 2025

ஈரோடு வீரப்பன்சத்திரம் பக்கம் இருக்கிறேன். சுற்றிலும் விசைத்தறிக் குடும்பங்கள். மகளிர் குழுவில் சேர்ந்து சத்தான உணவு பற்றிக் கூட்டம் போட்டோம். சிறுதானிய லட்டு, முளைகட்டிய பயறு, ராகி அடை எல்லாம் செய்து வைத்தோம். வந்தார்கள், சாப்பிட்டார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். அன்று ராத்திரியே அதே பரோட்டாக் கடையில் அதே கூட்டம். ஏழைச் சனத்துக்குச் சத்தைப் பற்றி அக்கறையே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேறு ஊரில் யாராவது செய்து பார்த்து ஏதாவது மாறியதா?

ஜூன் 15, 2025

அக்கறை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நான் திருப்பூர். தென்னம்பாளையம் பக்கம் லைன் வீட்டில், அதாவது வரிசையாகக் கட்டின ஓரறை வீடுகளில் ஒன்றில், குடியிருக்கிறேன், பனியன் கம்பெனியில் செக்கிங். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வர ராத்திரி எட்டரை. வீடு வந்து சேர ஒன்பது ஆகிவிடும். அந்த நேரத்தில் ஒரு கட்டுத் தண்டுக்கீரையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். வேரில் மண் ஒட்டியிருக்கும். பேப்பரை விரித்து, பூச்சி அரித்த இலையைத் தள்ளி, முற்றின தண்டைக் கிள்ளிப் போட்டு, மண் போக மூன்று தண்ணீர் அலசி, அதற்கப்புறம்தான் அரிய முடியும். பகல் முழுக்கப் பனியனில் நூல் பிசிறு வெட்டிய விரல் அது. அடுப்பைப் பற்ற வைப்பதற்குள் பிள்ளை தூங்கிப் போகும். தெருமுனையில் பரோட்டாக் கடை வெளிச்சம் போட்டுத் திறந்திருக்கிறது. பார்சல் வாங்கினால் பிள்ளை பசியோடு தூங்காது.

எங்கள் வரிசையில் எந்தப் பெண்ணை வேண்டுமானாலும் எழுப்பிக் கேளுங்கள், ரத்தம் ஊற எது நல்லது என்று. முருங்கைக்கீரை, சுவரொட்டி, பேரீச்சம்பழம் என்று ஒரே மூச்சில் சொல்வாள். அவளுக்குத் தெரியாததை உங்கள் கூட்டம் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. அவளிடம் இல்லாதது நேரம். கூட்டத்தில் அதை யாரும் கொடுப்பதில்லை.

ஜூன் 15, இரவு

இன்னொன்று. பத்துக்குப் பத்து அறையில் ஃபிரிட்ஜ் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வாங்கின காய் புதன்கிழமை வரைக்கும் தாங்கினால் பெரிது. சம்பளம் சனிக்கிழமை ராத்திரி கைக்கு வருகிறது. அதனால் ஞாயிறு, திங்கள் கறியும் காயுமாக ஓடும். வியாழன், வெள்ளி ரசமும் ஊறுகாயும். உங்கள் பக்கம் தறிக்கூலி என்றைக்குக் கொடுக்கிறார்கள் என்று விசாரித்து வையுங்கள். ஒரு தெரு என்ன சாப்பிடுகிறது என்பதைச் சம்பளக் கிழமைதான் முடிவு செய்கிறது.

ஜூன் 18, 2025

"அப்படியானால் நீங்கள் என்னதான் செய்தீர்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரிதாகத் திட்டம் ஒன்றும் போடவில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கின கையோடு விருப்பப்பட்ட வீடுகள் ஆளுக்கு 150 ரூபாய் போடுகிறோம். ஞாயிறு வெள்ளனே ஒருத்தர் உழவர் சந்தைக்குப் போய் மொத்தமாக வாங்கி வருவார். வாசலில் சாக்கை விரித்து, காயைக் கூறு போட்டு, வீட்டுக்கு ஒரு கூறு. அவ்வளவுதான்.

உழவர் சந்தை 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கியது, அப்புறம் எல்லா ஊருக்கும் வந்தது. அடையாள அட்டை வைத்திருக்கிற விவசாயி நேரடியாக விற்கிறார். விலையைக் காலையில் பலகையில் எழுதிப் போடுவார்கள், மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, கடை விலைக்குக் கீழே. எங்களுக்கு அது நடக்கிற தூரம். பக்கத்தில் இருந்தும் பல வருஷமாக எங்கள் வரிசையில் போனவர்கள் குறைவு, ஏனென்றால் நல்ல காய் விடிகாலையிலேயே தீர்ந்துவிடும். வாரம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரம் நின்றவளுக்கு ஞாயிறு ஒரு நாள்தான் தூக்கம். அந்தத் தூக்கத்தை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போ என்று எல்லோரிடமும் சொல்வது நியாயமில்லை. முறை வைத்து ஒருத்தர் மட்டும் எழுந்தால் போதும் என்று ஆனதும் ஒப்புக்கொண்டார்கள். போய் வருகிறவர் அந்த வாரம் காசு போட வேண்டாம், கூறு மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

சண்டை வராமல் இல்லை. பீட்ரூட் வேண்டாம் என்று ஒரு வீடு, கத்தரிக்காய் அரிப்பு என்று இன்னொரு வீடு. கூறு போட்டு முடித்ததும் அவர்களுக்குள்ளேயே மாற்றிக்கொள்கிறார்கள். காசு இல்லாத வாரம் எழுதி வைத்து அடுத்த வாரம் கொடுக்கலாம். யாரும் ஏமாற்றவில்லை.

ஜூன் 21, 2025

காய் சரி, கீரை? மொத்தமாக வாங்கினால் கீரை மலிவாகிறது, ஆனால் ஆய்கிற வேலை அப்படியே நிற்கிறது. இதற்கு வழி எங்களுக்குத் தானாக வந்தது.

கடைசி வீட்டில் ஒரு வயதான அம்மா இருக்கிறார். நாங்கள் எல்லோரும் அம்மிச்சி என்றுதான் கூப்பிடுவோம். மகன், மருமகள் இரண்டு பேரும் கம்பெனிக்குப் போய்விடுவார்கள், பகலெல்லாம் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் சைக்கிளில் வருகிற கீரைக்காரரிடம் ஒருநாள் எங்களுக்கும் சேர்த்து வாங்கி, சும்மாதானே இருக்கிறேன் என்று ஆய்ந்து வைத்திருந்தார். ஒன்பது மணிக்கு வந்தால் வீட்டு வாசலில் மூடி போட்ட டப்பாவில் சுத்தமான சிறுகீரை. அன்றைக்கு எங்கள் வரிசையில் பரோட்டா வாங்க யாரும் போகவில்லை.

அதையே நிலையாக்கிக்கொண்டோம். செவ்வாய், வியாழன் கீரை நாள். கட்டுக்கு 5 ரூபாய் அம்மிச்சிக்குக் கூலி. முதலில் அவர் காசு வாங்க மறுத்தார், "ஏங்கண்ணு, நம்ம புள்ளைக சாப்பிடறதுக்குக் கூலியா?" என்றார். கட்டாயப்படுத்தித்தான் கொடுத்தோம். கூலி இல்லாமல் ஓடுகிற நல்ல காரியம் கொஞ்ச நாளில் ஒரு பெண்ணின் முதுகில் சுமையாகத்தான் போய் உட்காரும். பார்த்திருக்கிறேன்.

ஈரோட்டிலிருந்து கேட்டவருக்கு நான் சொல்ல வந்ததே இதுதான். உங்கள் கூட்டத்துக்கு லட்டுப் பிடிக்கச் செலவான காசில் ஒரு மாதம் கீரை ஆய்ந்து வைக்கலாம்.

ஜூன் 29, 2025

வீட்டுத்தோட்டம் போடலாமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மாடித்தோட்டம் நல்லதுதான், கோயம்புத்தூரில் சொந்த வீட்டுக்காரர்கள் அருமையாகப் போட்டிருக்கிறார்கள். லைன் வீட்டில் மாடி ஓனருடையது. தொட்டி வைத்தால் ஓதம் இறங்கும் என்று எங்கள் ஓனர் மறுத்துவிட்டார். சாக்கடை ஓரம் காலி இடத்தில் கத்தரி, தக்காளி வைத்துப் பார்த்தோம். போர் தண்ணீர் உப்பு, செடி காய்க்கவில்லை. நொய்யல் ஓரத்து நிலத்தடி நீர் சாயக்கழிவால் என்ன ஆனது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரைக்கும் போன கதை. குடிதண்ணீர் குழாயில் சில நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது, அது குடிக்கவும் சமைக்கவுமே பற்றாது, செடிக்கு எங்கே போவது.

நின்றது முருங்கை மட்டும். மூலனூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஊருக்குப் போனபோது போத்து வெட்டிக்கொண்டு வந்து நட்டது. இன்றைக்கு வரிசை முழுக்க அதில்தான் ஒடிக்கிறோம்.

ஜூலை 6, 2025

முருங்கைக்கீரை உருவ நேரம் ஆகாதா என்று கேட்டால், ஆகும். அதற்கும் வழி கிடைத்தது. எதிர் வரிசையில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். அந்தப் பெண்ணும் என் கம்பெனியில்தான், கைமடிப்பு. அவர்கள் ஊரிலும் முருங்கைக்கீரை விரும்பிச் சாப்பிடுவார்களாம். ராத்திரி ஒடித்த கொத்தை அப்படியே ஒரு துணியில் இறுக்கச் சுற்றி வைத்துவிடுவாள். காலையில் துணியை விரித்து இரண்டு உதறு உதறினால் இலை தனியாகக் கொட்டும், காம்பு கையில் நிற்கும். எங்கள் அம்மாவும் இப்படித்தான் செய்வாள். எப்போது விட்டோம் என்று தெரியவில்லை. ஓர் ஒடியாப் பெண் வந்து கொங்கு நாட்டில் திரும்ப ஆரம்பித்து வைத்திருக்கிறாள்.

அவர்கள் எங்கள் கூறில் சேர்ந்த கதையையும் எழுத வேண்டும். முதலில் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. வடக்கத்திக்காரர்கள் ரொட்டிதான் சாப்பிடுவார்கள், நம் காய் எதற்கு என்று பேச்சு. நேரில் போய்ப் பார்த்தால் அவர்களும் சோறுதான். ராத்திரி மிஞ்சினதில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் வெங்காயம் கடித்துச் சாப்பிடுகிறார்கள், நம் பழைய சோறு மாதிரியே. இப்போது கூறில் உருளைக்கிழங்கு கொஞ்சம் அதிகம், அவர்களுக்காக. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. அவர்கள் ஊர் அட்டையை வைத்தே இங்கே அரிசி வாங்கலாம் என்பது அந்த வீட்டுக்கே தெரியாது. எங்கள் குழுவில் ஒருத்தி கூடவே ரேஷன் கடைக்குப் போய் நின்று வாங்கிக் கொடுத்தாள். தெரியாததைச் சொல்வதென்றால் இப்படிச் சொல்ல வேண்டும், கூடப் போய்.

ஜூலை 20, 2025

ஆடி பிறந்தாயிற்று. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். சிறுதானியத்தைப் பற்றி எழுத இதுதான் நேரம்.

கம்பு, சோளம், ராகி நம் மண்ணின் சாப்பாடுதான். எங்கள் அம்மா சின்ன வயதில் அரிசிச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். அதற்காகக் கம்புக்குத் திரும்புங்கள் என்று மேடையில் சொல்கிறவர்கள் இரண்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். ரேஷன் அரிசி 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல் கிடைக்கிறது, கம்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இரண்டாவது, கம்பைத் தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் குத்தி, புடைத்து, களியாகக் கிண்டின கை யாருடையது? அம்மா இன்றைக்கும் தோள்பட்டை வலி என்பாள். அந்த வேலையைத் திரும்பப் பெண்கள் தலையில் ஏற்றிவிட்டுப் பாரம்பரியம் என்று பெயர் வைக்க எனக்குச் சம்மதமில்லை.

2023-ல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். அதை மாவாகவே அரைத்துக் கொங்கு மாவட்டம் முழுக்கக் கொடுத்தால் நானே முதல் ஆளாக வரிசையில் நிற்பேன். கால்சியத்தில் ராகியை அரிசியால் எட்டவே முடியாது.

கோயிலில் கவனித்ததைச் சொல்கிறேன். வீட்டில் கூழ் என்றால் முகம் சுளிக்கிற பிள்ளைகள் கோயிலில் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் வைத்துக் கொடுத்ததும் இரண்டாவது தடவை சொம்பை நீட்டினார்கள். எல்லோரும் ஒட்டுக்கா உட்கார்ந்து குடிக்கிற இடம் அது. கம்மங்கூழ் வண்டிக்கார அக்கா ஒருத்தர் மதியம் மெயின் ரோட்டில் நிற்பார். சாயங்கால டீ நேரத்துக்கு எங்கள் கம்பெனி கேட் பக்கம் வண்டியைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். டீயும் போண்டாவும் ஆகிற காசுக்கு ஒரு சொம்புக் கூழ்.

ஜூலை 27, 2025

வண்டி வந்தது. சின்னப் பெண்கள் வாங்குகிறார்கள். ஆண்கள் இன்னும் போண்டாதான்.

ஆகஸ்ட் 3, 2025

ஆடிப் பதினெட்டு. லீவு நாள், நீளமாக எழுதலாம்.

நேரம்தான் பிரச்சினை என்று முதலில் எழுதினேன். அதில் கொஞ்சம் யோசனை மாறியிருக்கிறது. நேரம் தேவைப்படாத சத்தும் இருக்கிறது, முட்டை. சோறு வேகிற நேரத்தில் அதுவும் வெந்துவிடும். நாமக்கல் நமக்குப் பக்கம், பிராய்லர் கோழிக்குப் பல்லடம் விலைதான் விலை. இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு எங்கள் வரிசையில் முட்டை வாரம் ஒருநாள், அதுவும் முதலில் ஆம்பளைக்கு, அப்புறம் பையனுக்கு. பொம்பளைப் பிள்ளைக்கு ஆம்லெட்டில் ஓரம்.

எடுத்துச் சொன்னால் சண்டைதான் வரும், அதனால் வாங்குகிற முறையை மாற்றினோம். காயோடு சேர்த்து அட்டைக் கணக்கில் முட்டை. அட்டைக்கு 30. வீட்டில் எத்தனை தலையோ அத்தனை முட்டை என்று எண்ணிக் கூறில் வைக்கிறோம். அம்மாவுக்கும் ஒன்று, மகளுக்கும் ஒன்று என்று பெயர் சொல்லியே வைப்போம். வாசலில் எல்லோர் முன்னாடியும் எண்ணி வைத்த முட்டையைப் பிடுங்கிச் சாப்பிட ஆம்பளைக்குக் கூச்சமாக இருக்கிறது. சட்டம் போட்டிருந்தால் நடந்திருக்காது.

ரத்தசோகை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எங்கள் வரிசையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 12 தொட்டவர்கள் குறைவு. அங்கே நர்ஸ் சொன்ன ஒன்றைப் பிடித்துக்கொண்டோம். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, எலுமிச்சை, நெல்லிக்காய் கூட இருந்தால் நன்றாகச் சேரும். இதற்குக் காசும் வேண்டாம், நேரமும் வேண்டாம். காலை டிபனோடு குடிக்கிற டீயைத் தள்ளிப் போட்டால் போதும். கேட்க எளிது, ஆனால் இதில்தான் நாங்கள் இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறோம். டீயை விடச் சொன்னால் என் தங்கச்சிகூட என்னை முறைக்கிறாள்.

ஆகஸ்ட் 10, 2025

ரேஷன் கடைச் செறிவூட்டின அரிசி, அதாவது சத்துச் சேர்த்த அரிசி, பற்றிக் கேட்டவருக்கு: எங்கள் தெருவிலும் பிளாஸ்டிக் அரிசி என்றுதான் பேச்சு. முறத்தில் போட்டு, நிறம் கொஞ்சம் மாறித் தெரிகிற அரிசியைத் தேடிப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மாவிலேயே செய்த மணி அது. நூறு பங்குக்கு ஒரு பங்கு கலக்கிறார்கள். பொறுக்கி எறிந்தால் எதற்காகக் கலந்தார்களோ அதைத்தான் எறிகிறோம். வாசலில் வைத்து அந்த மணியை மட்டும் தனியாக வேக வைத்துக் காட்டினோம். நசுக்கிப் பார்த்தார்கள், சோறுதான். அம்மிச்சி வாயில் போட்டு மென்று "ஒன்னும் இல்ல, அரிசிதான்" என்றதும் பேச்சு அடங்கியது. அதிகாரி வந்து சொல்லியிருந்தால் அடங்கியிருக்காது.

ஆகஸ்ட் 27, 2025

பிள்ளையார் சதுர்த்தி. இரண்டு செய்தி, ஒன்று சந்தோஷம், ஒன்று கவலை.

காலை உணவுத் திட்டம் நேற்றிலிருந்து நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. 2022 செப்டம்பரில் ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. சமைப்பது எங்களைப் போன்ற மகளிர் குழுப் பெண்கள். எட்டரை ஷிப்டுக்கு ஓடுகிற தாய்க்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய் போட்ட சாம்பார். பிள்ளைகள் காயை ஒதுக்கி வைக்கிறார்கள் என்று சமையலுக்குப் போகிற எங்கள் தெருப் பெண் சொன்னாள், இப்போது கேரட்டையும் பூசணியையும் மசித்தே விடுகிறாளாம். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறதே என்பதுதான் என் ஆதங்கம். தம்பி பள்ளியில் சாப்பிடுகிறான், ஆறாவது படிக்கிற அக்கா வெறும் வயிற்றோடு போகிறாள். வயதுக்கு வருகிற பருவம், அப்போதுதான் அதிகம் வேண்டும்.

கவலை: பனியன் உட்பட இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட 50 சதவீத வரி இன்றிலிருந்து. ஏற்கெனவே எங்கள் பக்கம் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட்டாகிவிட்டது. கையில் நேரம் வந்திருக்கிறது, காசு போயிருக்கிறது. போன வாரம் கூறுக்கு 150 போட முடியாமல் சில வீடுகள் நின்றன. தொகையை 100 ஆக்கினோம். முட்டையைக் குறைக்கவில்லை. சண்டையே வந்தது, ஆனாலும் குறைக்கவில்லை.

செப்டம்பர் 7, 2025

எண்ணெய் பற்றி ஒரு விவாதம் ஓடுகிறது, நானும் சேர்கிறேன். ரேஷனில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று நம் பக்கத்து விவசாயிகள் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். காங்கேயத்தில் களம் களமாகத் தேங்காய்ப் பருப்பு காய்கிறது, நாம் கப்பலில் வந்த எண்ணெயில் வடை சுடுகிறோம் என்பது வாஸ்தவம். 2023-ல் தேங்காய் விலை விழுந்து அவர்கள் தெருவுக்கு வந்தபோது எனக்கும் அதே கோபம். இந்த வருஷம் விலை ஏறிக் கிடக்கிறது, இன்றைக்குக் கொடு என்றால் எந்த விலைக்கு வாங்கி எந்த விலைக்குக் கொடுப்பார்கள் என்று தெரியவில்லை. எந்த எண்ணெயாக இருந்தாலும், பொரித்ததை எடுத்து வைத்துத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதை விட வேண்டும். எங்கள் வரிசையில் அதைப் பேசவே ஆரம்பிக்கவில்லை. ஒவ்வொன்றாகத்தான்.

செப்டம்பர் 21, 2025

புரட்டாசி. கறி இல்லாத மாதம், காய் விலை ஏறிவிட்டது. கொள்ளும் தட்டப்பயறும் கூறில் சேர்த்திருக்கிறோம், பயறு கெட்டுப்போகாது. கொள்ளுப் பருப்பு கடைந்து ரசம் வைத்தால் இரண்டு வேளைக்கு ஓடும்.

ஈரோட்டிலிருந்து திரும்பக் கேட்டிருக்கிறீர்கள், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று. தறி ராத்திரியிலும் ஓடுகிற ஊர் உங்களுடையது, எங்கள் கணக்கு அப்படியே பொருந்தாது. ராத்திரி ஷிப்ட் முடித்து விடிகாலையில் வருகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களையே சந்தைக்கு அனுப்பிப் பாருங்கள். முழித்திருக்கிற ஆள், சம்பத் நகர் உழவர் சந்தை திறந்திருக்கிற நேரம். அவர் பங்குக் காசை வாங்காதீர்கள். பகலில் வீட்டில் இருக்கிற வயதானவர் யார் என்று தெருவில் விசாரியுங்கள், ஆய்கிற கூலியை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். பத்து வீடு கிடைத்தால் போதும். கூறு போடுகிற இடம் எல்லோரும் நடந்து போகிற வாசலாக இருக்கட்டும், உள்ளறையில் வைத்துக் கொடுத்தால் முட்டைக் கணக்கு நிற்காது. முதல் வாரம் வெங்காயம், தக்காளி, முட்டை மூன்று மட்டும் வாங்குங்கள், அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு வராது.

அந்தப் பரோட்டாக் கடைக்காரரிடமும் பேசுங்கள். எங்கள் கடைக்காரர் இப்போது செவ்வாய், வியாழன் மாவு குறைவாகப் பிசைகிறார், ராத்திரி தட்டில் இட்லியும் வைக்கிறார்.